அரசமரத்தடி டைக்கி

அந்தப் பச்சைச் சேலைக்காரி போய்விட்டால் எடுத்துவிடலாம் என்று வைத்தியலிங்கம் நினைத்தார். பஸ் ஸ்டாப்பின் சிமெண்டுப் பெஞ்சு பேன்ட்டையும் தாண்டிச் சுட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அரசமரம், அதன் அடியில் குரோம்பேட்டை வேண்டாமென்று கொண்டுவந்து போட்ட சாமிகள். கண்ணாடி விரிசல் விட்ட முருகன், கறையான் தின்ற லட்சுமி, தும்பிக்கை போன பிள்ளையார், போன வருஷத்துக் காலண்டரில் கிழிக்காமல் மிஞ்சிய வெங்கடாசலபதி. வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, குப்பையில் போடவும் கை வராது என்கிற சாமியை ஜனங்கள் இங்கே கொண்டுவந்து சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அந்தக் கும்பலில் முன்வரிசையில், சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு, நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமமும் கழுத்தில் கதம்பமுமாக நிற்கிறாளே அவள்தான், அவர் வீட்டுச் சாமி. முழங்கை நீளந்தான் இருப்பாள். மஞ்சள் பைக்குள் போட்டால் தெரியாது. பை மடியில் தயாராக இருக்கிறது. தன் வீட்டுப் பொருளைத் தான் எடுக்க ஒரு மனுஷன் வெயிலில் உட்கார்ந்து வேவு பார்க்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். தன் பொருளா? செண்பகத்தின் பொருள். செண்பகம் இன்றைக்குச் சாயங்காலம் வருகிறாள். நேற்றுக் காலையில் போனில் சொன்னாள். "என் துணிமணியெல்லாம் எடுத்துக்கறேன். நீங்க வீட்ல இருந்தாலும் சரி, சாவிய எதிர்வீட்ல குடுத்துட்டுப் போனாலும் சரி." முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் கேஸ் சிலிண்டர்காரனிடம் பேசுகிற மாதிரி பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் கூடத் தேவலை. அவள் வந்து கதவைத் தள்ளும்போது ஷெல்பில் அது பழைய இடத்தில் இருந்துவிட்டால் போதும், ஒரு நிமிஷம் நிற்பாள், அந்த ஒரு நிமிஷத்தில் எதையாவது சொல்லிவிடலாம். என்ன சொல்வது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். முதலில் எடுக்க வேண்டும். பச்சைச் சேலைக்காரி இன்னும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

டைக்கி என்று பெயர் சொல்லிக்கொடுத்தவன் பரணிதான். அவர்களுக்கு ஒரே பிள்ளை, கப்பலில் எஞ்சினியர். கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஏதோ ஒன்றில் கப்பல் நின்றபோது வாங்கி, தன் சட்டைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தான். "அதிர்ஷ்டத்துக்குச் சாமிம்மா இவ. அந்தக் காலத்துல கப்பக்காரங்க இவளக் கும்பிட்டுட்டுதான் கெளம்புவாங்களாம். கையில பாரு, கப்பலத் திருப்பற சுக்கான்." தலையில் கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் மதிலும் வாசலுமாக ஒரு கோட்டை. ஒரு கையில் சுக்கான், இன்னொரு கையில் பழம் பிதுங்கி வழிகிற மாட்டுக் கொம்பு, காலடியில் ஒரு சக்கரம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டைக்கி உண்டாம், அந்த ஊர்க் கோட்டையைத் தலையில் சுமப்பாளாம். "அப்ப நம்ம குரோம்பேட்டை டைக்கி தலையில ரயில்வே கேட்டுதான் இருக்கும்" என்று வைத்தியலிங்கம் சொன்னார். பரணி சிரித்தான். மேல்வரிசையில் ஒரு பல் லேசாக ஏறியிருக்கும், சிரித்தால் அது முதலில் தெரியும். அன்றைக்கு அவனைச் சிரிக்கவைத்தது தான்தான் என்பதை அவர் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் சிரிப்பில் சேர்த்தியில்லை. செண்பகம் அந்தப் பொம்மையை டிவிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைக்காமல் நிஜமாகவே கும்பிட ஆரம்பித்தபோது அவருக்கு வேடிக்கையாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது. பழைய கிரேக்கச் சாமிகளை இந்தக் காலத்திலும் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறவர்கள் உலகத்தில் அங்கங்கே இருக்கிறார்களாம். வாரத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டரில் கூடிப் பேசுவார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி 'செம்பா' என்று கூப்பிட, இவள் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு தைரியமாகப் பதில் சொல்வாள். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் டைக்கிக்குப் பூஜை. பிரிஞ்சி இலையைக் கொளுத்தித் தண்ணீரில் அமிழ்த்தி, அந்தத் தண்ணீரில் கையலம்பி, பார்லியைத் தூவி, தேன் வைத்து, கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒயின். அந்த ஒயினை வாங்கிவரும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஒயின் ஷாப்பில் போய் நிஜமாகவே ஒயின் கேட்டதற்காக, கம்பிக்கு உள்ளேயிருந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்ல விசேஷமா சார்?" என்றான். ஆமாம், என் பெண்டாட்டிக்குப் புதுசாக ஒரு சாமி வந்திருக்கிறது என்று சொல்லவா முடியும். பேப்பரில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு கட்டு முருங்கைக்கீரையை வைத்து மறைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலையும் சேர்த்து அவளிடம் காட்டினார்.

கிண்ணத்தில் இருப்பதில் கொஞ்சம் சாமிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை வீட்டில் இருக்கிறவர்கள் குடிக்க வேண்டும் என்பது முறையாம். முழுவதையும் ஊற்றுவது செத்தவர்களுக்கு மட்டும். செண்பகம் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, ஒவ்வொரு மாதமும் கிண்ணத்தை அவர் பக்கம் நீட்டுவாள். ஒவ்வொரு மாதமும் அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொள்வார். ஒரு வாய். காப்பி குடிக்கிற வாய்தானே. கல்யாண வீட்டு மாடியில் மைத்துனர்களோடு உட்கார்ந்து குடித்த வாய்தானே. ஒரே ஒரு தடவை வாங்கியிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும். "அப்படி என்னதான் கேக்கற அதுகிட்ட, லாட்டரியா?" என்று ஒரு நாள் கேட்டார். "அவகிட்ட நான் எதையும் கேக்கறதில்ல. கெடச்சதச் சொல்லி நன்றி சொல்றேன். அவ்ளோதான்." எதையும் கேட்காத பக்தி அவருக்குப் புரியவில்லை. காப்பீட்டு ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் விபத்து நஷ்டஈட்டுப் பிரிவில் உட்கார்ந்தவர் அவர். எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் கேட்பதற்காகத்தான் வந்தார்கள். ஒருத்தரும் இத்தனை நாள் லாரி மோதாமல் இருந்ததற்கு நன்றி சொல்ல வந்ததில்லை. அந்த முகங்களை அவர் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. கையெழுத்து இங்கே, ஸ்டாம்ப் இங்கே, அடுத்தவர். ஒரு அம்மாள் தன் பிள்ளையின் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், அதை மேஜையிலிருந்து எடுக்கச் சொன்னார், பேப்பரில் எண்ணெய் படும் என்று. இது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது. தாம்பரம் பஸ் ஒன்று வந்து நின்று மரத்தை மறைத்தது. புகையும் சூடும் முகத்தில் அடித்தது. பஸ் நகர்ந்தபோது பச்சைச் சேலைக்காரி போயிருந்தாள், அவள் இடத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். சரி, இவனும் போகட்டும்.

போன ஆவணியில் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எஞ்சின் ரூமில் ஏதோ வெடித்ததாம். எந்தக் கடல் என்று சொன்னார்கள், அந்தப் பெயரை அவர் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. அனுப்பிவைத்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார்கள், திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்களெல்லாம் போய், வீடு கழுவிவிட்ட தரையோடு காலியாகக் கிடந்தது. அதற்கப்புறம் வந்த அமாவாசைக்கு இரண்டாம் நாள், குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தவர் பிரிஞ்சி இலை கருகுகிற வாசனையில் அப்படியே நின்றுவிட்டார். செண்பகம் ஷெல்புக்கு முன்னால் நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பொறக்கும்போது கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு, பொழச்சான். நாலு வயசுல மஞ்சக்காமாலை, பொழச்சான். அடையாத்துல கால் வழுக்குச்சே, அப்பவும் குடுத்தே. இருபத்தாறு வருஷம் குடுத்தே. நன்றிம்மா." கொஞ்சம் ஊற்றினாள், கொஞ்சம் குடித்தாள், திரும்பி அவரைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டினாள். "இன்னிக்காவது வாய்ல வெச்சுக்கங்க. அவனுக்காக." நன்றியா? எதற்கு? யாருக்கு? பெற்றவள் மார்பில் அடித்துக்கொள்ள வேண்டாமா, அந்தப் பொம்மையைத் தரையில் போட்டு உடைக்க வேண்டாமா, வட்டிக்காரனுக்குக் கும்பிடு போடுகிற மாதிரி இதென்ன. "நீ ஒரு தாயாடி?" என்று கேட்டார். கேட்டது அவர் வாய்தான். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், போய் அவருக்கு இட்லி எடுத்துவைத்தாள். அந்த இட்லியை அவர் தின்றார். அதுதான் இன்றைக்கும் அடங்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து நாலு இட்லி தின்றார், சட்னி கேட்டு வாங்கி. அவள் அழ வேண்டிய இடத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள், இப்போது யோசித்தால் புரிகிறது, அவன் இருந்த நாட்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு அப்படி எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது, ரயில்வே கேட் சிரிப்பு ஒன்றைத் தவிர. கூட நின்று கேட்டிருந்தால் அடையாற்றில் கால் வழுக்கிய கதையாவது தெரிந்திருக்கும். அது எப்போது நடந்தது என்றே அவருக்குத் தெரியாது.

ஹெல்மெட் பையன் போய்விட்டான். இப்போது மரத்தடியில் பூக்காரப் பச்சையம்மா மட்டும். அவள் எப்போதும் உண்டு, கூடையை வேரில் சாய்த்துவைத்துக்கொண்டு தொடுத்தபடி இருப்பாள். சாமிக்குச் சிவப்புத் துணி சுற்றி, குங்குமம் வைத்து, சக்கரத்தம்மா என்று பெயரும் வைத்தவள் அவள்தான். அவளைத் தாண்டித்தான் எடுக்க வேண்டும். சிலைத் திருடன் என்று ஒரு சத்தம் போட்டால் போதும், ஆட்டோ ஸ்டாண்டே ஓடிவரும். போலீஸ் ஸ்டேஷனில் போய், சார் இது என் மனைவி கும்பிட்ட கிரேக்கச் சாமி, நான்தான் கொண்டுவந்து இங்கே போட்டேன் என்று சொல்கிற காட்சி கண்ணில் வந்தது. போட்டது ஐப்பசியில், செண்பகம் தங்கை வீட்டுக்குச் சேலையூர் போயிருந்த ஒரு மத்தியானம். பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். குப்பைத் தொட்டியில்தான் போடுவதாக இருந்தார், தொட்டி வரைக்கும் போனார், கை வரவில்லை. இத்தனைக்கும் நம்பிக்கை இல்லாத கை. மரத்தடியில் சாய்த்துவிட்டுத் திரும்பினார், மற்றவர்கள் மாதிரி பார்க்காமல் போக முடியவில்லை, மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். செண்பகம் வந்ததும் துடைக்கும்போது கை தவறி விழுந்து உடைந்துவிட்டது என்றார். "எங்க ஒடஞ்சுது?" என்று கேட்டாள். "தலையில." "துண்டு இருக்கா? ஒட்டிப் பாக்கலாம்." "குப்பை வண்டியில போட்டாச்சு." சரி என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவு லேசாக முடிந்தது அவருக்கே ஏமாற்றமாக இருந்தது. பிறகு நாலைந்து நாளைக்கு ஒரு தடவை, காய் நறுக்கும்போதோ விளக்கை அணைக்கும்போதோ, "ஏங்க, எல்லாத் துண்டையும் நெசமாவே போட்டுட்டீங்களா?" என்பாள். "எத்தன தடவ கேப்ப?" என்று எரிந்து விழுவார். சில நாள், "பச்சையம்மாகிட்ட ரெண்டு முழம் பூ வாங்கிட்டு வாங்களேன்" என்பாள். அவர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வேறு ஆளிடம் வாங்கி வருவார். அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் வந்தால் காலி ஷெல்புக்கு முன்னால் கிண்ணம் வைப்பாள். அவர் பக்கம் நீட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். தை மாசம் ஒரு நாள், "தங்கச்சி வீட்ல இருந்துட்டு வர்றேன்" என்று பெட்டியோடு வாசலில் நின்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்கிட்ட எதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். வாய்வரைக்கும் வந்தது. ஆண்டவனே, நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "பிரஷர் மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்றார்.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் இந்தப் பெஞ்சுதான். நடைக்குப் போவதாகத் தனக்கே சொல்லிக்கொண்டு வந்து உட்காருவார், கும்பல் குறையட்டும் என்று பார்ப்பார், குறையும்போது இன்னொருவர் வரட்டும் என்று மனம் ரகசியமாக வேண்டிக்கொள்ளும், வந்துவிட்டால் அப்பாடா என்று எழுந்து வீட்டுக்குப் போவார். நேற்றுக்கூடப் பச்சையம்மாவைத் தவிர யாருமே இல்லை. அவளிடமிருந்து போன் வந்த நாள், இன்றைக்கு விட்டால் இல்லை என்று தெரிந்த நாள், ரோடே காலியாக இருந்தது. எழுந்து நின்றார், பையை உதறினார். அப்போது நாலு சொட்டு கோடை மழை விழுந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு கிடுகிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். நாலு சொட்டுக்கு. இன்றைக்கு மழையும் இல்லை, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். திருட வேண்டாம், கேட்டுவிடலாம் என்று எழுந்த பிறகுதான் தோன்றியது. கேட்பது. அது இத்தனை மாதத்தில் ஒரு நாளும் தோன்றாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டு போனான், காதில் விழவில்லை. மல்லிகையும் எண்ணெய் விளக்கும் கலந்த வாசனை வந்தது. இவ்வளவு கிட்டத்தில் டைக்கியைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது. கோட்டையின் ஒரு மூலையில் மஞ்சள் அப்பியிருந்தது. சுக்கானில் யாரோ எலுமிச்சம்பழம் செருகியிருந்தார்கள்.

"பச்சையம்மா," என்றார். அவள் நாரைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "இந்தச் சாமி... இது எங்க வீட்டுது. நான்தான் கொண்டுவந்து வெச்சேன். தப்புப் பண்ணிட்டேன். எடுத்துட்டுப் போறேம்மா." சொல்லிவிட்டார். இவ்வளவுதானா அது. நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்துபோன மாதிரி இருந்தது, சிரிப்புகூட வரும்போல இருந்தது. பச்சையம்மா நாரை எடுத்து மடியில் வைத்தாள். "தெரியும் சார்," என்றாள். "நீ வெச்ச மறுநாளே உங்க வூட்டம்மா பாத்துடுச்சு. பூ வாங்க வந்துச்சு, பாத்துச்சு, அப்டியே நின்னுச்சு. இது எங்க வூட்டுதுதான், அவரு வந்து கேப்பாரு, கேட்டா குடுத்துடு, நீயா ஒண்ணும் சொல்லாதன்னுச்சு. அதான் நான் வாயத் தொறக்கல. நீ தெனம் வந்து குந்திக்கினு போவ, எனக்கு ஒரு மாறியா இருக்கும்." மரம் முழுக்க இலை சலசலத்தது. மறுநாளேவா? ஐப்பசியிலிருந்தா? அவர் பையை விரித்தார். "குடும்மா. ஆறு மணிக்கு அவ வீட்டுக்கு வந்துடுவா." பச்சையம்மா எழுந்திருக்கவில்லை. "இப்பக் குடுக்க முடியாது சார்." "ஏன், கேட்டாக் குடுக்கச் சொல்லியிருக்கான்னு நீதானே சொன்னே?" "நேத்து வரிக்கும்தான் சார் அது. நேத்து அம்மா அந்தாண்ட ஆட்டோல குந்திக்கினு உன்னியதான் பாத்துக்கினு இருந்துச்சு. ரொம்ப நேரம். நீ எழுந்து நின்ன. அம்மாவும் எறங்கி நின்னுச்சு. அப்புறம் மழ வந்துச்சுன்னு நீ போய்ட்ட." அவள் சிவப்புத் துணியின் ஒரு நுனியை இழுத்துச் சரிசெய்தாள். "அதுக்கப்புறம்தான் இங்க வந்துச்சு. நனஞ்சுக்கினே கும்பிட்டுச்சு. இனிமே அவரு வந்து கேட்டாலும் குடுக்காத பச்சையம்மா, இது உன் சாமி, நீயே வெச்சுக்கன்னு சொல்லிட்டுப் போய்டுச்சு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன் சார்."

அவர் பையை விரித்துப் பிடித்தபடியே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, யாரிடம் என்று தெரியவில்லை. பச்சையம்மா கிள்ளுப் பூவும் துளி குங்குமமும் எடுத்து அவர் பக்கம் நீட்டினாள், வாங்கிக்கொண்டார். பூ ஈரமாக இருந்தது. பின்னால் யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. "சார், கும்பிட்டாச்சுன்னா கொஞ்சம் தள்ளி நில்லு," என்றாள் பச்சையம்மா. "பின்னால ஆளு நிக்குது."